புயல், கப்பல், எரியும் மேடை: ஆபீஸ் குழப்பத்துல உருவகம் கைகொடுக்குமா, கண்ணை மறைக்குமா?

நூலேணி:
டீமைக் கலைக்கிறாங்க, மேனேஜர் மாறுறார், பழகின சாஃப்ட்வேர் போய் வேற வருது. அப்போ "என்னமோ சரியில்லை"ன்னு புழுங்குறதைவிட "பாதி கழட்டிப் போட்ட மெஷின் மாதிரி இருக்கு"ன்னு ஒருத்தர் சொல்றது மேல். எந்த பாகம் வெளிய கிடக்கு, எது இன்னும் ஓடுது, திரும்ப மாட்டத் தெரிஞ்சவர் யாருன்னு கேட்கலாம். வெறும் புழுக்கத்துகிட்ட எதைக் கேட்கிறது?

செய்முறை: ஆறேழு பேர், அரை மணி நேரம், ஆளுக்கொரு சீட்டு. "இப்போ என் வேலை ______ மாதிரி இருக்கு." முதல் அஞ்சு நிமிஷம் யாரும் பேசக்கூடாது. ஒருத்தர் "புயல்"னு வாய்விட்டுட்டா மீதிப் பேரும் புயலையே எழுதிடுவாங்க. அப்புறம் மூணு கேள்வி: அந்தக் காட்சியில நீங்க எங்க இருக்கீங்க? கையில என்ன இருக்கு? அடுத்து என்ன ஆகும்? கடைசிப் பத்து நிமிஷத்துல, வர்ற வாரம் செய்யக்கூடிய ஒரே ஒரு வேலையா அதை மாத்தணும். இதை விட்டுட்டா வெறும் அரட்டைதான்.

சுத்தியல்:
புயலை யாரும் வரவழைக்கிறதில்லை. டீம் கலைப்பு ஆர்டர்ல கையெழுத்து இருக்கு. "புயல்ல மாட்டிக்கிட்டோம்"னு சொல்லிப் பழகினவன் "முடிவு யாரோடது"ன்னு கேட்க மாட்டான். மேலிடத்துக்கு அந்தச் சொல் பிடிக்கிற காரணமே அதுதான்.

"எரியும் மேடை"யை எடுத்துக்குங்க. 1988 ஜூலை 6 அன்று வடகடல்ல பைப்பர் ஆல்ஃபா எண்ணெய் மேடை எரிஞ்சு 167 பேர் செத்தாங்க. உயிர் தப்பக் கடலில் குதிச்சவரோட கதை, மேனேஜ்மென்ட் ஆலோசகர்கள் கையில "மாறலைன்னா அழிவுதான்"ங்கற பாடமாச்சு. 2011 பிப்ரவரியில நோக்கியா தலைவர் ஸ்டீஃபன் ஈலப் அதையே ஊழியர்களுக்கு மெமோவா அனுப்பினார், அது வெளியே கசிஞ்சது. அன்னிக்கும் நோக்கியாவோட பழைய மென்பொருளான சிம்பியன்ல ஓடின போன்தான் கம்பெனிக்குச் சோறு போட்டுக்கிட்டிருந்தது. எரியுதுன்னு ஓனரே சொல்ற கடையில எவன் வாங்குவான்? 2013-ல போன் பிரிவை மைக்ரோசாஃப்ட்டுக்கு விக்க ஒப்பந்தம் போட்டாங்க.

நூலேணி:
ஒரு மெமோவா கவிழ்த்தது? ஐபோனும் ஆண்ட்ராய்டும் ஏற்கெனவே சந்தையைத் தின்னுட்டு இருந்தது. ஆனா அந்த உருவகத்துல கோளாறு இருக்குங்கறதை ஒத்துக்கறேன்: குதிக்கிறதைத் தவிர வேற வேலையே அது தரலை. வெளிய வேலை கிடைக்கக்கூடியவன்தான் முதல்ல குதிப்பான். நான் பேசுறது மேலிருந்து இறக்குற உருவகத்தைப் பத்தி இல்லை, வேலை செய்றவங்களே சொல்றதைப் பத்தி. 1992-ல வார்ட் கன்னிங்ஹாம்னு ஒரு நிரலாளர், அவசரத்துல எழுதின நிரலைக் கடன்னு சொன்னார். வட்டி ஏறும்னா நிதிக்காரருக்கும் புரியுது, பழுது பார்க்க நேரம் ஒதுக்குறாங்க.

சுத்தியல்:
கடனை வாங்குறவர் ஒருத்தர், அடைக்கிறவர் இன்னொருத்தர். போன மேனேஜர் அவசரப்படுத்தினதுக்கு இந்த வருஷம் சேர்ந்த பையன் ராத்திரி உட்கார்றான். இதை "கடன்" சொல்லுதா? யாரும் தொடாத பழைய நிரலுக்கு வட்டியே கிடையாது, அதையும் சேர்த்துக் கணக்கு காட்டுறாங்க.

அரைப்புள்ளி:
இருவரும் உருவகத்தின் வலிமையைக் கொஞ்சம் கூட்டியே மதிப்பிடுகிறீர்கள். 2011-இல் திபோடோ, போரோடிட்ஸ்கி என்ற உளவியலாளர்கள் இருவரும் ஒரு சோதனை நடத்தினார்கள். ஓர் ஊரில் நடக்கும் குற்றங்களை வேட்டை மிருகம் என்று வர்ணித்த குறிப்பைப் படித்தவர்களில் பெரும்பாலோர் குற்றவாளிகளைப் பிடித்து அடைக்கச் சொன்னார்கள். கிருமி என்று படித்தவர்களில் கூடுதலானோர் காரணத்தைத் தேடிச் சீர்திருத்தச் சொன்னார்கள். 2014-இல் ஸ்டீனும் சகாக்களும் மறுபடி சோதித்தபோது அந்த விளைவு கிடைக்கவில்லை. ஆகவே ஒரு சொல்லை மாற்றினால் மனம் மாறிவிடும் என்று நம்பிக் கூட்டம் போட வேண்டாம்.

என் கவலை துக்கத்தின் ஐந்து படிகள் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) பற்றியது. மனநல மருத்துவர் குப்ளர்-ராஸ் 1969-இல் எழுதியது, சாகும் நிலையில் இருந்த நோயாளிகளுடன் பேசியதை வைத்து. அதை அலுவலக மாற்றத்துக்கு வரைபடமாக்கிவிட்டார்கள். புது சாஃப்ட்வேரில் பழைய பதிவுகள் காணாமல் போகின்றன என்று ஒருவர் சொன்னால், "அவர் இன்னும் கோபப் படியில் இருக்கிறார்" என்று குறித்துக்கொண்டு நகர்கிறார்கள். பதிவுகள் காணாமல் போனது போனதுதான்.

நூலேணி:
அதனாலதான் அடுத்தவர் உருவகத்துக்கு விளக்கம் சொல்லக்கூடாதுங்கறது. டேவிட் க்ரோவ்னு ஒரு உளசிகிச்சையாளர், 1980-கள்ல உருவாக்கின "க்ளீன் லாங்வேஜ்" முறை இதுக்குத் தோது. அவங்க சொன்ன சொல்லையே திருப்பிக் கேட்கணும்: "என்ன மாதிரி மெஷின் அது?", "அந்த மெஷினைப் பத்தி வேற ஏதாவது?" "அப்போ துருப்பிடிச்சிருக்கா?"ன்னு நம்ம சரக்கைச் சேர்த்தா அந்த நிமிஷமே அது நம்ம கதை ஆயிடும். இன்னொண்ணு, மேனேஜர் அறையில இருக்கக்கூடாது. இருந்தா எல்லார் சீட்டுலயும் "மலையேற்றம்"தான் வரும்!

அரைப்புள்ளி:
ஒருவர் "மூழ்கிக்கொண்டிருக்கிறேன்" என்று எழுதினால்?

நூலேணி:
அங்கே எந்தத் தண்ணின்னு கேட்டுட்டு நிக்கக்கூடாது. சீட்டை மடிச்சு வெச்சுட்டு, கூட்டம் முடிஞ்சதும் தனியாக் கூப்பிட்டு, கையில எத்தனை வேலை, எதை இந்த வாரமே எடுத்துவிடலாம்னு கேட்கணும். தூக்கமே போச்சுன்னா டாக்டர்.

சுத்தியல்:
சரி, சீட்டு கொடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு பக்கத் தாள் கொடுங்க: எந்தப் பதவிகள் போகுது, எந்தத் தேதியில, முடிவெடுத்தது யார், சந்தேகம்னா யாரைக் கேட்கணும். இந்த நாலும் இல்லாம "உங்க மனசுல என்ன காட்சி"ன்னு கேட்கிறது ஏமாத்து.

நூலேணி:
வரிசை சரிதான். ஆனா தேதி பல நேரம் மேனேஜருக்கே தெரியாது.

சுத்தியல்:
தெரியாதுன்னா, எப்போ தெரியவரும்ங்கற தேதியை எழுதட்டும்.