அயனாவரம் குடும்பக் குழு: கவின் சேரப் போகும் காமிக்ஸ் வகுப்பு

சுமதி: (நோட்டீஸ் படம்) ஆறு மாதத்தில் ஜப்பான் பாணி காமிக்ஸ் வரையக் கற்றுத் தருவார்களாம். வேலையும் உறுதியாம். 80,000 ரூபாய். திங்கட்கிழமைக்குள் கட்டினால் 10,000 தள்ளுபடி. எல்லாரும் என்ன சொல்கிறீர்கள்?

ராஜி: அவன் சும்மாவே நன்றாக வரைவானே அண்ணி. எதற்கு இவ்வளவு அவசரம்?

கவின்: அத்தை, என் ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் சேர்கிறார்கள். இப்போ இதுதான் ட்ரெண்ட்.

சேகர்: அதுதான் பயமாக இருக்கிறது. அமெரிக்காவில் 1953-இல் முப்பரிமாண காமிக்ஸ் என்று ஒன்று வந்தது. ஒரே படத்தை இரண்டு கலரில் கொஞ்சம் விலக்கி அச்சடித்திருப்பார்கள்; சிவப்பு, பச்சைத் தாள் ஒட்டிய அட்டைக் கண்ணாடி போட்டுப் பார்க்க வேண்டும். மற்ற காமிக்ஸ் 10 சென்ட், இது 25. அப்படியும் முதல் புத்தகம் பறந்தது. உடனே ஆளாளுக்கு ஒன்று இறக்கினார்கள். அடுத்த வருஷமே ஆட்டம் முடிந்தது.

ரவி: உனக்கு எப்படிடா தெரியும் இதெல்லாம்?

சேகர்: பிரஸ் வைத்திருப்பவன் அண்ணா. இரண்டு கலர் விலகி விழுந்தால் எங்களுக்கு அது ரெஜிஸ்டர் அவுட், பழைய பேப்பர் கடைக்குப் போகும். அவர்கள் அதையே காசாக்கினார்கள்!

கவின்: அப்போ அதை வரைந்தவர்கள் என்ன ஆனார்கள் சித்தப்பா?

நித்யா: நான் சொல்கிறேன். அதைக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஜோ க்யூபர்ட். முன்னால் நிற்கும் ஆள், நடுவில் மேஜை, பின்னால் சுவர் என்று ஒரே கட்டத்தைத் தனித்தனி ஒளிபுகும் தாளில் வரைந்து, அடுக்கி, இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்த வேண்டும். மோகம் போனதும் அந்த வித்தைக்கு வேலை இல்லை. ஆனால் மனுஷ உடம்பு வரையத் தெரிந்தவர் என்பதால் அவருக்கு வேலை போகவில்லை. 2012-இல் இறந்தார், கடைசி வரை வரைந்தார். நடுவில் 1976-இல் நியூ ஜெர்சியில் காமிக்ஸுக்கென்றே ஒரு பள்ளியும் தொடங்கினார். அங்கே மூன்று வருஷப் படிப்பு.

சுமதி: மூன்று வருஷமா! இவர்கள் ஆறு மாதம் என்கிறார்களே.

நித்யா: நோட்டீஸைப் பாருங்கள் பெரியம்மா. பெரிய கண், கூர்கூரான முடி, டேப்லெட்டில் நிழல் போடுவது. கை, கால், உட்கார்ந்திருக்கிற ஆள், தெருவின் தூரம் எதுவுமே பாடத்தில் இல்லை. எங்கள் ஆபீசில் வேலை கேட்டு வருகிறவர்கள் கொண்டுவரும் படங்களில் நான் முதலில் பார்ப்பது விரல்களைத்தான். ‘உறுதி’ என்றால் எந்தக் கம்பெனி, என்ன சம்பளம் என்று எழுத்தில் கேளுங்கள். போன பேட்ச் பையன் ஒருவனிடமும் பேசுங்கள்.

சேகர்: இன்னொன்று. 1972-இல் முத்து காமிக்ஸ் வந்த நாளிலிருந்து இங்கே ஓடியது பெரும்பாலும் வெளிநாட்டுப் படம், தமிழில் வசனம். அதில் வந்த ஹீரோ இரும்புக்கை மாயாவியே இங்கிலாந்துக்காரர். நம்ம ஊர் ஓவியருக்குச் சோறு போட்டது வாரப் பத்திரிகைதான்.

ரவி: அப்போ வரைகிற வேலையே வேண்டாம், பி.காம். போகட்டும்.

நித்யா: ஐயோ பெரியப்பா, அப்படி யார் சொன்னது? பெரியமேட்டில் அரசு கவின் கலைக் கல்லூரி இருக்கிறதே, 1850-இல் தொடங்கியது. ஓவியர்கள் ஆதிமூலம், ட்ராட்ஸ்கி மருது எல்லாம் அங்கே படித்தவர்கள். மருது பத்திரிகை, சினிமா, கம்ப்யூட்டர் என்று எல்லாவற்றிலும் வரைந்திருக்கிறார். நாலு வருஷம், அரசுக் கட்டணம். நுழைவுத் தேர்வில் உட்கார்ந்து வரைந்து காட்ட வேண்டும்.

கவின்: அங்கே காமிக்ஸ் சொல்லித் தர மாட்டார்களே அக்கா.

நித்யா: அதை நீ ராத்திரியில் போடு, யார் தடுத்தது? முதலில் ஞாயிற்றுக்கிழமை என்னோடு எழும்பூர் ஸ்டேஷனுக்கு வா. பெட்டி தூக்கிப் போகிறவர்களை வரையலாம்.

சுமதி: அந்த இடத்திலிருந்து இப்போதும் போன் வருகிறது. என்ன சொல்ல?

சேகர்: யோசிக்கிறோம் என்று சொல்லுங்கள் அண்ணி. செவ்வாய்க்கிழமையும் அதே தள்ளுபடியைத் தருவார்கள்.

கவின்: சரி அக்கா. டேப்லெட் கொண்டு வரவா?

நித்யா: வேண்டாம். 4பி பென்சிலும் ரஃப் நோட்டும் போதும். காலை ஏழு மணி, லேட் பண்ணாதே.