புதுப்பிப்பு: ஜீப்பு தரைத் தகடு மாத்தியாச்சு

மலேசியாவுல சுங்கை சிப்புட் தோட்டத்துல ஓடின பழைய சுசுகி எஸ்ஜே410 ஜீப்பு, டிரைவர் காலடியில துருப்பிடிச்சு ஓட்டை விழுந்திருக்கு, ஒட்டுப் போட்டா போதுமான்னு முன்ன கேட்டிருந்தேன். "தகட்டையே மாத்திருங்கண்ணே"ன்னு சொன்னவங்களுக்குப் பெரிய நன்றி. அதுதான் சரி.

ரப்பர் விரிப்பை உரிச்சதும் காரணம் தெரிஞ்சது. செம்பனைக்கு (எண்ணெய்ப் பனைக்கு) உரமூட்டை ஏத்தின வண்டி. அந்த உரத்துல இருக்கிற பொட்டாசியம் குளோரைடு உப்பு ஈரத்தை இழுத்துக்கிட்டு மடிப்புக்குள்ள தங்கிடும். ஸ்க்ரூடிரைவர் நுனி பட்டதுமே இரும்பு ஏடு ஏடா உதிர்ந்தது. தட்டினா 'டங்'னு கேக்கிற இடம் வரைக்கும் வெட்டி எடுத்தோம்.

புதுத் தகடு 1.2 மி.மீ. பேட்டரியைக் கழட்டி, பெட்ரோல் குழாயை விலக்கி வெச்சுட்டுத்தான் வெல்டிங். ஒரே மூச்சுல இழுத்தா சூட்டுல தகடு நெளிஞ்சிடும். இங்கொண்ணு அங்கொண்ணா புள்ளி வெச்சு, ஆறவிட்டு, இடைவெளியை நிரப்பணும். பொறுமை இல்லாதவங்க தொடவே வேண்டாம்.

அப்புறம் துருப்பிடிக்காம இருக்க பிரைமர் பூச்சு, மூட்டுல தண்ணி இறங்காம இருக்க சீலர், மேல பெயிண்ட். தண்ணி வடியிற துளையை மட்டும் தயவுசெஞ்சு அடைச்சிராதீங்க, நம்ம ஊரு மழைக்கு அது கட்டாயம் வேணும்.

பக்கத்து சீட்டு அடித்தகடு இன்னும் கெட்டியா இருக்கு. அடுத்து பாடி மவுண்ட்டை, அதாவது பாடியைச் சேசிஸோட பிடிச்சு வெக்கிற இடங்களைப் பாக்கணும்.