அப்பா அம்மா 40 – மாலத்தீவு (குடும்பக் குரூப்)

சனிக்கிழமை

தம்பி: எல்லாரும் இருக்கீங்களா? தை மாசம் அப்பா அம்மா 40வது கல்யாண நாளுக்கு மாலத்தீவு, அதுல மாத்தம் இல்ல. ரிசார்ட் லிங்க் நாலு போட்ருக்கேன். எல்லாமே வாட்டர் வில்லா, கதவத் தொறந்தா கடல்தான்

மதினி: மூணாவதுல தரையில கண்ணாடி பதிச்சிருக்காங்க, ரூமுக்குள்ள உக்காந்தே மீன் பாக்கலாம் 😍

பெரியக்கா: நல்லாத்தான் இருக்கு. ஒரு ராத்திரிக்கா இந்த வெல?

அத்தான்: மாப்ள இது ஒரு ரூமுக்குத்தான?

தம்பி: ஆமா அத்தான் ரூமுக்குத்தான்

நான்: அதுவும் முழு வெல இல்ல அத்தான். பக்கத்துல ப்ளஸ் ப்ளஸ்னு போட்ருக்காங்க பாருங்க, அதுக்கு மேல 10 சதவீதம் சர்வீஸ் சார்ஜ், அதையும் சேத்து மொத்தத்துக்கு 17 சதவீதம் வரி. 100 டாலர்னு போட்ருந்தா நம்ம கையில இருந்து போறது 128 டாலர் 70 சென்ட். அது போக கிரீன் டாக்ஸ்னு ஒண்ணு, ரிசார்ட்ல ஒரு ஆளுக்கு ஒரு ராத்திரிக்கு 12 டாலர், 2025 ஜனவரில இருந்து டபுள் ஆக்கிட்டாங்க. ரெண்டு வயசுக்குக் கீழ மட்டுந்தான் கிடையாது, நம்ம வீட்ல அந்த வயசுல யாரும் இல்ல, அப்போ 11 பேருக்கும் நாலு ராத்திரிக்கு அது மட்டுமே 528 டாலர்

பெரியக்கா: அம்மாடி

தம்பி: சின்னக்கா பயமுறுத்தாத. மூணு பேரும் பங்கு போட்டுக்கிடுவோம், நான் கொஞ்சம் கூடப் போடுறேன்

நான்: காசு பிரச்சன இல்லடா, அவங்களுக்குத்தான செய்யுறோம். நான் சொல்ல வந்தது வேற. வில்லா போட்டோவக் கடைசியா பாப்போம். தலைநகர் மாலேல எறங்குன பெறகு அந்தத் தீவுக்கு எப்படிப் போறதுங்கறத மொதல்ல பாரு. நீ அனுப்புன நாலுல மூணுக்கு சீப்ளேன்ல மட்டுந்தான் போக முடியும். சீப்ளேன் பகல்லதான் பறக்கும், இருட்டுனா தண்ணில எறக்க மாட்டாங்க, அதனால மத்தியானம் மூணரை நாலு மணிக்கு மேல மாலே வர்றவங்களுக்கு அன்னைக்கு சீப்ளேன் கெடைக்கிறது கஷ்டம். நம்ம பாத்து வச்சிருக்க ஃப்ளைட்டு எறங்குறதே ஆறு மணிக்கு மேல. அப்போ அப்பாவ ராத்திரி ஒரு இடத்துல தங்க வச்சு, காலைல மறுபடி பெட்டி தூக்கி, சீப்ளேன் டெர்மினல் போயி காத்துக் கெடக்கணும். சீப்ளேன் ஏணி நாலஞ்சு படிதான், ஆனா அப்பாவுக்கு முட்டி எப்படி இருக்குன்னு உனக்குத் தெரியாது, நீ சிங்கப்பூர்ல இருக்க, நான் போன மாசம் பாத்துட்டு வந்தேன்

தம்பி: முட்டி அவ்வளவு மோசமா இருக்கா?

பெரியக்கா: கோயில் படியே பிடிச்சுக்கிட்டுத்தான் ஏறுறாங்க

தம்பி: எனக்குத் தெரியாதுக்கா

மதினி: ஆனா சின்ன மதினி, சீப்ளேன்ல மேல இருந்து பாத்தா வளையம் வளையமா தெரியும்ல, அதுக்காகவே போறவங்க இருக்காங்க

நான்: உண்மைதான் மதினி, அட்டோல்னு சொல்ற பவளத் தீவுக் கூட்டம் 26, 1,200 தீவுகிட்ட இருக்கு, அதப் பாக்குறதுக்கு அதவிட நல்ல வழி இல்ல. நீங்க ரெண்டு பேரும் தனியா போட்டோ ஃப்ளைட்னு அர மணி நேரம் சுத்திட்டு வரலாம், சில ரிசார்ட்ல ஏற்பாடு பண்ணித் தர்றாங்க. எல்லாரையும் ஏத்துறதுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்றேன். போக வர ஒரு ஆளுக்கு 400ல இருந்து 600 டாலர் வரைக்கும் கேக்குறாங்க. பெட்டி 20 கிலோ, கைப்பை 5 கிலோ, அதுக்கு மேல காசு, அம்மா பேக் பண்றது நமக்குத் தெரியும்

அம்மா: நான் என்ன பேக் பண்ணிட்டேன்

அம்மா: பிள்ளைகளுக்கு முறுக்கு மட்டும் தான்

பெரியக்கா: 😂

நான்: நீ எல்லாம் எடுத்துக்கோம்மா, அதுக்குத்தான் ஸ்பீட்போட் போற ரிசார்ட்டா பாப்போம்னு சொல்றேன். வட மாலே, தென் மாலே அட்டோல்ல நெறைய இருக்கு, ஏர்போர்ட்ல இருந்து கால் மணி நேரத்துல இருந்து ஒரு மணி நேரத்துக்குள்ள போயிரலாம். 1972ல மாலத்தீவுல மொதமொதல்ல தொறந்த ரிசார்ட் குரும்பா, அதே வட மாலே அட்டோல்லதான் இருக்கு, இன்னைக்கும் நடக்குது. அவசரம்னா மாலே ஆஸ்பத்திரிக்கும் அங்க இருந்து கிட்ட

அத்தான்: நான் ஒண்ணு கேக்கட்டுமா. மாஃபுஷி மாதிரி உள்ளூர் ஆளுங்க இருக்க தீவுல கெஸ்ட் ஹவுஸ் ரொம்ப சல்லிசுங்கறாங்களே, அங்க கிரீன் டாக்ஸும் பாதிதானாம்

நான்: சின்ன கெஸ்ட் ஹவுஸ்னா ஆமா அத்தான், 6 டாலர். 2009க்குப் பெறகுதான் அந்த மாதிரி தீவுல கெஸ்ட் ஹவுஸ் நடத்த விட்டாங்க, நாம ஃப்ரெண்ட்ஸோட போறதா இருந்தா நானே அதத்தான் சொல்லிருப்பேன், ஊர் மக்களோட பழகலாம், சாப்பாடும் நல்லாருக்கும். இது இவங்க ரெண்டு பேருக்கும் ஒரு தடவ. 40 வருசத்துல அம்மா காலைல எந்திரிச்சு அடுப்பு பத்த வைக்காத நாள் எத்தன இருக்கும்? நாலு நாளாவது யாராவது கொண்டு வந்து வச்சு, சாப்பிட்டியாம்மான்னு கேக்கட்டும்

அத்தான்: சரிம்மா. நீ சொல்றதுதான் சரி

தம்பி: 👍 ஸ்பீட்போட் ஓகே. வாட்டர் வில்லா மட்டும் விடாத சின்னக்கா

நான்: நீயும் மதினியும் வாட்டர் வில்லா எடுங்க. குட்டிப் பயல வச்சுக்கிட்டு எனக்கு அது சரிப்படாது, வராண்டால இருந்து படி நேரா கடலுக்குள்ள எறங்குது, பல இடத்துல தடுப்பே கிடையாது. சின்னப் பிள்ளைங்கன்னா கையெழுத்து வாங்கிட்டுத்தான் தர்றாங்க, சில ரிசார்ட்ல தர்றதே இல்ல. அப்பா அம்மாவுக்கு பீச் வில்லாதான். வாசல்ல மணல், மரத்து நெழல், பத்தடில தண்ணி, சாப்பாட்டுக்கு அந்த நீள மரப்பாலத்துல வெயில்ல நடக்க வேண்டாம்

பெரியக்கா மக: சித்தி மாண்டா ரே பாக்கலாமா??? ஹனிஃபாரு பேன்னு ஒரு இடத்துல கூட்டமா வருமாம்

நான்: தங்கம் அது பா அட்டோல், யுனெஸ்கோ 2011ல பாதுகாக்கணும்னு அறிவிச்ச இடம். ஜூன்ல இருந்து நவம்பர் வரைதான் கூட்டமா வரும், தென்மேற்குக் காத்துல மிதக்குற நுண்ணுயிரெல்லாம் அந்தக் குடாக்குள்ள சேரும், அதத் திங்க வருது. நாம போறது ஜனவரி கடைசி, அப்போ வடகிழக்குக் காத்து, மழை கொறவு, கடல் தெளிவா இருக்கும். அது வராது, ஆனா ஆமை, பவளம், கலர் கலரா மீனு எல்லாம் பாக்கலாம், கரையில இருந்தே நீந்திப் போற மாதிரி ஹவுஸ் ரீஃப் இருக்க தீவாப் பாத்து எடுக்குறேன். பவளத்துல கால் மட்டும் வைக்கவே கூடாது. 1998லயும் 2016லயும் கடல் சூடாகி நெறைய வெளுத்துப் போச்சு, இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா வளந்து வருது

பெரியக்கா மக: ஓகே சித்தி ப்ராமிஸ் 🐢

ஞாயிற்றுக்கிழமை

அம்மா: சின்னவளே ஒரு விசயம். கல்யாண நாள் அன்னைக்கு கும்பிட என் வெள்ளி முருகன எடுத்துட்டு வரலாம்ல

நான்: அம்மா முருகன மட்டும் வீட்லயே வச்சிரும்மா. கும்பிடுற விக்ரகம் நாட்டுக்குள்ள கொண்டு வரக்கூடாதுன்னு அவங்க சுங்கச் சட்டத்துலயே இருக்கு, பிடிச்சா வாங்கி வச்சுக்கிடுவாங்க, ஏர்போர்ட்ல நீ கலங்கி நிக்கக் கூடாது

அம்மா: அவுக ஊருக்குப் போறோம் அவுக சட்டத்த மதிக்கணும். கெளம்புறதுக்கு முந்துன நாள் திருச்செந்தூர் போயி கும்பிட்டுட்டு வருவோம். எல்லாரும் தூத்துக்குடி வந்துதான கெளம்புறீக

பெரியக்கா: வந்துருவோம்மா. திருவனந்தபுரம்தான் பக்கம், அங்க இருந்து ஏறுனா ஒண்ணேகால் மணி நேரம் மாதிரிதான்

நான்: அத்தான், பாட்டிலும் அப்படித்தான். ட்யூட்டி ஃப்ரீல வாங்கிட்டு வந்தா எறங்குன ஒடனே வாங்கி வச்சுக்கிடுவாங்க. ரிசார்ட்குள்ள கெடைக்கும்

அத்தான்: நான் ஒண்ணும் கேக்கலியேம்மா

அம்மா: வெள்ளிக்கெழம எனக்கு கவிச்சி கிடையாது, அங்க ஒரே மீனுன்னு சொல்றாகளே

நான்: முன்னாடியே மெயில் போட்டுச் சொல்லிருவேன்மா. ரிசார்ட் கிச்சன்ல நம்ம ஊரு, கேரளா, இலங்கை ஆளுங்க நெறைய வேல பாக்குறாங்க, சாம்பார் ரசத்துக்குக் கஷ்டம் வராது. மூணு வேளையும் சாப்பாடு சேந்த ஃபுல் போர்டா எடுப்போம், தனித்தனியா வாங்குனா தீவுல வேற கடையே கிடையாது, அவங்க வச்சதுதான் வெல. தண்ணி பாட்டில், ஜூஸ் எது சேரும் எது சேராதுன்னு எழுதி வாங்கிக்கிடுறேன்

அம்மா: மத்த நாளு மீனு சாப்பிடுவேன். மாசிக் கருவாடு அங்க இருந்துதான வருது. நல்ல மாசியா ரெண்டு கிலோ வாங்கணும்

நான்: கண்டிப்பா வாங்குவோம். அங்க காலைலயே மாசி பண்ற அதே சூரை மீன தேங்காப்பூ, வெங்காயம், பச்ச மொளகா போட்டுப் பெசஞ்சு ரொட்டியோட சாப்பிடுவாங்க, மாஸ் ஹுனின்னு பேரு. நம்ம மாசி சம்பலோட அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும், உனக்குப் பிடிக்கும்

அம்மா: ஒண்ணு சொல்லணும். அப்பா சொல்ல மாட்டாக நான் சொல்லுதேன். நேத்து நீங்க பேசுனத எல்லாம் படிச்சுக் காட்டுனேன். தீவு வீடு எல்லாம் சரின்னு சொன்னாக, பெறகு ரொம்ப நேரம் கழிச்சு மாலே ஊருக்குள்ள போவாங்களான்னு கேட்டாக

தம்பி: மாலேயா? அங்க என்னம்மா இருக்கு

அம்மா: பழைய துறைமுகத்துல க்ளியரிங் ஆபீஸ்ல இருந்தப்போ மாலே தோணிக்கு எத்தன பில்லு எழுதிருப்பாக. வெங்காயம் உருளக்கெழங்கு காய்கறி கல்லு செங்கல் சிமெண்டு எல்லாம் இங்க இருந்துதான் போகும். லோடு ஏத்தி அனுப்பி அனுப்பி அந்த ஊரு பேர எழுதி எழுதி கை தேஞ்சுச்சு. ஒரு தடவ கூட அந்தக் கரைய பாத்ததில்ல

பெரியக்கா: எனக்கு ஞாபகம் இருக்கு. தென்மேற்குக் காத்து ஆரம்பிச்சா தோணிய கட்டிப் போட்ருவாங்க, அந்த மாசம் வீட்ல கையக் கடிக்கும். ஸ்கூல் ஃபீஸ் கட்ட அம்மா வளையல வச்சது அப்போதான்

தம்பி: நான் இத யோசிக்கவே இல்லக்கா

நான்: நானும் தீவுக்கு எப்படிப் போறதுன்னுதான் பேசிக்கிட்டு இருந்தேன், அப்பாவுக்கு என்ன பாக்கணும்னு கேக்கவே இல்ல. சரி இப்ப கேளுங்க, இது எல்லா வகையிலயும் நல்லா அமையுது. நாம ஆறு மணிக்கு மேல எறங்கி எட்டு எட்டரைக்கு ரிசார்ட் போனா அந்த ராத்திரிக்கு முழு வாடக, ஆனா போயித் தூங்கத்தான் நேரம் இருக்கும். அதுக்குப் பதிலா மொத ராத்திரி மாலேல தங்குவோம், ஏர்போர்ட் தனித் தீவு, 2018ல பாலம் தொறந்த பெறகு டாக்ஸிலயே ஊருக்குள்ள போயிரலாம். அங்க ஒரு நல்ல ஹோட்டலுக்கு ஆகுறது ரிசார்ட் வாடகைல ஒரு சின்னப் பங்குதான். காலைல அப்பாவக் கூட்டிட்டு வடக்கு ஓரமா கடல் ரோட்டுக்குப் போவோம், மீன் மார்க்கெட்டும் காய்கறி மார்க்கெட்டும் பக்கத்துல பக்கத்துல, முன்னாடியே படகுத் துறை. சரக்குத் துறைமுகம் அதே ரோட்ல கொஞ்சம் தள்ளி, உள்ள விட மாட்டாங்க, வெளிய இருந்து பாக்கலாம். ஜனவரி தோணி ஓடுற சீசன்தான், நம்ம ஊருத் தோணி நின்னாலும் நிக்கும். அப்படியே 1658ல பவளக் கல்லுல கட்டுன பழைய வெள்ளிக்கிழமைப் பள்ளிவாசல், கல்லுல மரத்துல பண்ணுன மாதிரி செதுக்கிருப்பாங்க, அதையும் வெளிய இருந்து பாத்துட்டு மத்தியானம் ஸ்பீட்போட் ஏறுனா ரிசார்ட்ல செக் இன் ரெண்டு மணிக்கு சரியா இருக்கும். மாசியும் மார்க்கெட்லயே வாங்கிரலாம்மா, ரிசார்ட் கடைல அந்த வெலைக்குக் கெடைக்காது

அத்தான்: அருமை

மதினி: எனக்கு அழுகையே வந்துருச்சு. மாமாவுக்கு அதுதான் மொதல்ல. ஒரு நாள் ரிசார்ட் கொறஞ்சாலும் பரவால்ல

தம்பி: அப்போ மாலே ஒண்ணு, ரிசார்ட் மூணு. ஹோட்டல் நான் போடுறேன், துறைமுகம் தெரியுற பக்கம் ரூம் கேக்குறேன்

பெரியக்கா: ஹோட்டலையும் ரிசார்ட்டையும் நாமளே நேரா எடுப்போம். டூர் பேக்கேஜ்னு வாங்குனா டிசிஎஸ்னு வருமான வரிய முன்கூட்டியே பிடிச்சுருவாங்க, ரிட்டர்ன்ல திரும்ப வரும்னாலும் அதுவரைக்கும் காசு மாட்டிக்கிடும்

நான்: சரிக்கா. நமக்கு விசா முன்னாடி எடுக்க வேண்டாம், போய் எறங்குனா போதும், திரும்புற டிக்கெட்டும் தங்குற புக்கிங்கும் கையில இருக்கணும். இமுகான்னு ஒரு ஃபாரம் கெளம்புறதுக்கு 96 மணி நேரத்துக்குள்ள ஆன்லைன்ல போடணும், திரும்பி வரும்போதும் போடணும். அது இலவசம். காசு கேக்குற சைட் நெறைய இருக்கு, அதுல யாரும் போடாதீங்க, எல்லாருக்கும் நானே போட்டுத் தர்றேன். பாஸ்போர்ட் மொதப் பக்கம் போட்டோ எடுத்து எனக்குத் தனியா அனுப்புங்க, குரூப்ல வேண்டாம். அப்பா ப்ரெஷர் மாத்திரை டாக்டர் சீட்டோட கைப்பைல இருக்கட்டும்

அப்பா: எல்லாம் படித்தேன். மாலேயில் இறங்குவது சந்தோஷம். வேட்டி கட்டிக்கொண்டு அந்த வேகப் படகில் ஏற முடியுமா

தம்பி: தாராளமா ஏறலாம்ப்பா நான் கையப் பிடிச்சுக்கிடுறேன்

நான்: ஏறலாம்ப்பா, ஆனா காத்து அடிச்சுத் தூக்கும், தண்ணியும் தெறிக்கும். மார்க்கெட் போறப்போ வேட்டி, படகுக்கு முன்னாடி ஹோட்டல்லயே பேண்ட் மாத்திக்கிடுவோம்

அப்பா: சரி

பெரியக்கா: அப்பா பாஸ்போர்ட் எப்ப முடியுதுன்னு பாரும்மா, ஆறு மாசமாவது மிச்சம் இருந்தா நல்லது

அம்மா: பீரோவுல இருக்கு பாத்துட்டு சொல்லுதேன்

அம்மா: அடுத்த சித்திரையோட முடியுது

நான்: அப்போ நாம போறப்போ மூணு மாசம்தான் மிச்சம் இருக்கும். நாளைக்கே ரினியூவலுக்குப் போட்ருவோம். அத்தான் நீங்க இந்த வாரம் ஊருக்குப் போறீங்கல்ல, அப்பாவக் கூட்டிட்டுப் போயிட்டு வர முடியுமா? அப்பாயின்ட்மென்ட் நான் எடுத்துத் தர்றேன்

அத்தான்: புதன்கிழமை எடும்மா, நான் கூட்டிட்டுப் போறேன். அது கைக்கு வந்த பெறகே டிக்கெட் போடுவோம் மாப்ள

தம்பி: சரி அத்தான், புது பாஸ்போர்ட் நம்பர் வந்ததும் 11 பேருக்கும் ஒண்ணாப் போட்டுர்றேன்