போர்ட் ஃபார்வர்டிங்குக்கு ‘உள்ளனுப்பு’ சரிவருமா?

வணக்கம்.

போர்ட் ஃபார்வர்டிங்கை (வெளியிலிருந்து வரும் இணைப்பை வீட்டுத் திசைவி, அதாவது ரௌட்டர், குறிப்பிட்ட ஒரு கருவியிடம் சேர்ப்பது) தமிழில் எப்படிச் சொல்வது என்று கேட்டு வந்த மடலுக்கு மூன்றே நாளில் ஆறு சொற்கள் சேர்ந்துவிட்டன: துறை முன்னனுப்பல், வாயில் திருப்பல், கதவு மாற்றம், துறை கடத்தல், மடைமாற்றம், துறை ஆற்றுப்படுத்தல். போன வாரம் என் வீட்டில் இதே சமாச்சாரம் மக்கர் செய்தபோது ஒரு தாளில் குறிப்பு எழுதிக்கொண்டே போனேன். அந்தக் குறிப்பை எடுத்து, ஆங்கிலச் சொல் இருந்த இடங்களில் இந்த ஆறையும் மாற்றி மாற்றிப் போட்டுப் படித்துப் பார்த்தேன். அகராதியில் அழகாக நிற்கிற சொல், இரவு 11 மணிக்குத் திசைவியின் அமைப்புப் பக்கத்திலும் நிற்குமா என்று தெரிய வேண்டுமே.

முதலில் அந்தக் கதை. வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் முறை) வழியாகத் தொட வேண்டும். திசைவியில் விதி போட்டாயிற்று: வெளியே போர்ட் 8022 (போர்ட் என்பது ஒரு முகவரியில் ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்), உள்ளே 192.168.1.7 என்ற முகவரி, போர்ட் 22, டிசிபி நெறிமுறை. பல மாதம் ஒழுங்காக வேலை செய்தது. ஒருநாள் திடீரென்று ‘இணைப்பு மறுக்கப்பட்டது’ என்று முகத்தில் அடித்தது போல ஒரு வரி. திசைவிதான் தடுக்கிறது என்று முடிவுகட்டி, விதியை அழித்துத் திரும்பப் போட்டேன், திசைவியை அணைத்து எழுப்பினேன், 8022-ஐ 9022 ஆக்கினேன். ஒரு மணி நேரம் போனது. பதில் அதே வரி, அதே வேகத்தில்.

அந்த வேகம்தான் துப்பு என்று அப்புறம்தான் உறைத்தது. யாரோ உடனுக்குடன் ‘இங்கே அப்படி ஒருவர் இல்லை’ என்று பதில் சொல்கிறார்கள். தடுக்கிற தீயரண் (ஃபயர்வால்) பெரும்பாலும் பதிலே சொல்லாது. வந்ததைச் சத்தமில்லாமல் கீழே போட்டுவிடும், நாம் நேரம் கடக்கும்வரை காத்திருப்போம். ஆகவே, அனுப்பியது வீட்டுக்குள் எங்கோ போய்ச் சேர்ந்திருக்கிறது. திசைவியில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலைத் திறந்தால், 192.168.1.7 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தது பிரிண்டர்! ஒரு மின்தடைக்குப் பிறகு திசைவி முகவரிகளைப் புதிதாகப் பங்கிட்டிருக்கிறது, கணினிக்கு 192.168.1.12 கிடைத்திருக்கிறது. என் எஸ்எஸ்ஹெச் ஒரு மணி நேரமாகப் பிரிண்டரின் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது.

கணினியின் மேக் முகவரிக்கு (வன்பொருளின் அடையாள எண்) ஒரு ஐபி முகவரியை நிரந்தரமாக ஒதுக்கி, விதியையும் அதற்குத் திருத்தினேன். இப்போது மறுப்பு இல்லை, மௌனம். அதுவும் முன்னேற்றம்தான்! கணினியின் தீயரண் இந்த வலையமைப்பைப் ‘பொது’ என்று எடுத்துக்கொண்டு 22-ஐ மூடியிருந்தது. திறந்துவிட்டேன், வேலை முடிந்தது.

இனி சொல்லுக்கு வருகிறேன். இந்தக் கதையில் திசைவி செய்வது என்ன? 192.168.1.7 போன்ற ஐபிவி4 முகவரி 32 பிட், அதாவது மொத்தமே சுமார் 429 கோடி. எல்லாக் கருவிக்கும் போதாது என்று, பல கருவிகள் ஒரே வெளி முகவரியைப் பகிரும் முகவரிப் பெயர்ப்பு (ஆங்கிலத்தில் நாட்) வந்தது. 1994-இல் வந்த இணையத் தொழில்நுட்ப ஆவணம் ஆர்எஃப்சி 1631. (‘நாட்’டுக்கு முகவரிப் பெயர்ப்பு என்ற சொல்லை நான் மிகவும் ரசிக்கிறேன். மொழிபெயர்ப்பும் நினைவுக்கு வருகிறது, ஓரிடத்திலிருந்து பெயர்த்து இன்னோரிடத்தில் வைப்பதும் நினைவுக்கு வருகிறது. இரண்டும் பொருந்துகின்றன.) வீட்டுக்குள்ளிருந்து ஒரு கருவி வெளியே பேசினால், திசைவி அதை ஒரு அட்டவணையில் குறித்துக்கொள்ளும். பதில் வரும்போது அட்டவணையைப் பார்த்து உரிய கருவிக்குக் கொடுக்கும். வெளியிலிருந்து யாராவது தாமாக வந்தால் அட்டவணையில் வரி இருக்காது. யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் திசைவி அதைத் தூக்கிப் போட்டுவிடும். நாம் போடுகிற விதி, அந்த அட்டவணையில் முன்கூட்டியே கையால் எழுதிவைக்கிற ஒரு வரி. ‘8022 கேட்டு யாராவது வந்தால் இன்னாரிடம் உள்ளே அனுப்பு.’

கடைசி வாக்கியத்தை நான் யோசித்து எழுதவில்லை, அதுவாக வந்தது. ‘ஃபார்வர்டு’ என்பதற்கு ‘முன்’ என்று தேடிக்கொண்டிருக்கிறோம். இங்கே முன்னும் இல்லை பின்னும் இல்லை, வெளியும் உள்ளும்தான் இருக்கின்றன. ஆகவே என் முன்மொழிவு உள்ளனுப்பு. வினையாகவும் பெயராகவும் நிற்கும். உள்ளனுப்பு விதி, துறை உள்ளனுப்பல். ‘8022-க்கு உள்ளனுப்பு போட்டிருக்கிறேன், ஆனால் பழைய முகவரிக்குப் போகிறது’ என்று தொலைபேசியில் சொன்னால் எதிர்முனையில் இருப்பவர் விளக்கம் கேட்க மாட்டார்.

மற்ற சொற்களைப் பற்றி. ‘துறை கடத்தல்’ என்றால் எனக்குத் துறையை யாரோ தூக்கிக்கொண்டு ஓடுவது போலத்தான் கேட்கிறது. இணைப்பைத் திருடுகிற தாக்குதலுக்கே அந்தச் சொல் தேவைப்படும், அதற்கு விட்டுவைப்போம். ‘கதவு மாற்றம்’ கிட்டே வருகிறது. ‘கதவு திறந்திருக்கிறது, மூடியிருக்கிறது’ என்று போர்ட்டைப் பேசுவது வாய்க்கு மிக எளிது. ஆனால் முகவரி எழுதும்போது கதவு எண் என்று வீட்டையே குறிக்கிறோமே. ஐபியா போர்ட்டா என்ற குழப்பம் முதல் நாளே வரும். ‘வாயில்’ கேட்வேக்கு (ஒரு வலையமைப்பை வெளியோடு இணைக்கும் கருவி) வழங்கும் நுழைவாயிலோடு மோதுகிறது.

மடைமாற்றம் எழுதிய நண்பருக்கு ஒரு சபாஷ். மடை என்றாலே திறப்பு, அதாவது போர்ட். மாற்றம் என்றால் வேறு வயலுக்குத் திருப்புவது. ஒரே சொல்லில் இரண்டும் அடங்கிவிட்டது. எனக்கு இருக்கும் தயக்கம் இரண்டு. நிதியை மடைமாற்றினார்கள் என்று படித்துப் படித்து, அந்தச் சொல்லில் ஒரு முறைகேட்டு வாடை ஏறிவிட்டது. இன்னொன்று, மடை மாறிய தண்ணீர் திரும்பி வராது. இணைப்பில் பதில் அதே வழியாகத் திரும்பி வர வேண்டும், வரும்போது திசைவி முகவரியை மறுபடியும் பெயர்த்து வைக்க வேண்டும்.

ஆற்றுப்படுத்தல் விஷயத்தில்தான் நான் அதிக நேரம் செலவிட்டேன். சங்க இலக்கிய வாசனை வந்தாலே நமக்குக் கை நீண்டுவிடுகிறது. ஆனால் ஆற்றுப்படையில் நடப்பது என்ன? பரிசில் பெற்று வருகிற பாணன், எதிரே வருகிற இன்னொரு பாணனிடம் ‘இன்ன வழியாகப் போ, இன்ன வள்ளலைப் பார்’ என்று சொல்கிறான். கேட்டவன் தானே நடந்து போகிறான். போகுமிடம் அவனுக்குத் தெரியும். இணையத்தில் இதைச் செய்வது வழங்கிகள் (சர்வர்கள்): உலாவி ஒரு பக்கம் கேட்டால் 301 என்று பதில் தந்து, ‘அது இப்போது வேறு முகவரியில் இருக்கிறது, அங்கே போ’ என்று அனுப்புகின்றன. உலாவி தானே புது முகவரிக்குப் போகிறது. ஆகவே ரீடைரக்டுக்கு ஆற்றுப்படுத்தல் என்பது அச்சில் வார்த்தது போலப் பொருந்தும். போர்ட் ஃபார்வர்டிங்கில் வந்தவருக்கு 192.168.1.12 என்று ஒன்று இருப்பதே தெரியாது. திசைவியோடுதான் பேசிக்கொண்டிருக்கிறோம் என்ற நினைப்பிலேயே இருப்பார். ‘வாயில் திருப்பல்’ என்பதிலும் இதே சிக்கல்தான். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால், பிறகு பிரித்துக் காட்ட வழியில்லாமல் போகும்.

போர்ட்டுக்குத் துறை என்பதை வைத்துக்கொள்ளலாம் என்பது என் கட்சி. அரசுத் துறை, கல்வித் துறை என்று பல பொருள் இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும். ஒரே ஆற்றங்கரையில் குளிக்க ஒரு துறை, படகேற ஒரு துறை. ஒரே ஐபி முகவரியில் இணையப் பக்கத்துக்கு 80, மின்னஞ்சலுக்கு 25, எஸ்எஸ்ஹெச்சுக்கு 22. எண் 16 பிட் என்பதால் 65535 வரை போகலாம். அமைப்புப் பக்கத்தில் ‘வெளித்துறை’, ‘உள்துறை’ என்று இரண்டு பெட்டிகள் வைத்தால் தீர்ந்தது.

இன்னொன்று. உள்ளனுப்பு என்ற சொல்லிலேயே சோதிக்கும் முறையும் இருக்கிறது. உள்ளே அனுப்ப வேண்டுமென்றால் ஆள் வெளியே இருக்க வேண்டும். வீட்டு வைஃபையில் உட்கார்ந்தபடியே வெளி முகவரியை அடித்துவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்று தலையில் கைவைக்கிறவர்கள் எத்தனை பேர்! கைபேசியில் வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் பாருங்கள்.

சொல்லுங்கள்.

———

வணக்கம் ஐயா.

உள்ளனுப்பு பிடித்திருக்கிறது. ஆனால் ‘உள்துறை’ என்று ஒரு பெட்டியைப் பார்த்தால் எனக்கு அமைச்சகம்தான் ஞாபகம் வரும். அதில் 22 என்று நிரப்பச் சொன்னால் கை நடுங்கும். இலக்கணப்படி உட்டுறை என்று எழுதலாம் என்று யாராவது கிளம்புவதற்கு முன் சொல்லிவிடுகிறேன், வேண்டவே வேண்டாம்.

இரண்டாவது, எல்லா வீட்டிலும் உள்ளனுப்பு நடக்காது. நான் ஒரு நண்பர் வீட்டில் மாட்டிக்கொண்டேன். விதி சரி, கணினி முகவரி சரி, தீயரண் சரி. வெளியிலிருந்து தட்டினால் மௌனம். கடைசியில் திசைவியின் வெளி முகவரியைப் பார்த்தால் 100.72 என்று தொடங்குகிறது. 100.64 முதல் 100.127 வரை இணைய நிறுவனங்கள் தங்களுக்குள் பயன்படுத்த 2012-இல் ஒதுக்கிய முகவரிகள் (ஆர்எஃப்சி 6598). அதாவது நிறுவனத்திலேயே ஒரு முகவரிப் பெயர்ப்பு நடந்து, அதற்குள் பல வீடுகள் இருக்கின்றன. நண்பர் வீட்டுத் திசைவியில் எத்தனை விதி போட்டாலும், மேலே இருக்கிற பெட்டி நம்மிடம் அனுப்பினால்தானே? இது தெரியாமல் இரண்டு மாலை வீணானது. இப்போதெல்லாம் முதல் வேலையாக, திசைவி காட்டும் வெளி முகவரியும் ‘என் ஐபி என்ன’ என்று தளங்களில் கேட்டால் வரும் முகவரியும் ஒன்றுதானா என்று பார்த்துவிடுகிறேன். இதற்கு ‘அடுக்குப் பெயர்ப்பு’ என்று சொல்லலாமா? மோடத்துக்குப் பின்னால் இன்னொரு திசைவி வைத்து நாமே உண்டாக்கிக்கொள்ளும் இரட்டைப் பெயர்ப்புக்கும் அது பொருந்தும்.

அந்த வீட்டில் நான் செய்தது, வெளியே இருக்கிற ஒரு வழங்கிக்குக் கணினியிலிருந்து எஸ்எஸ்ஹெச் இணைப்பு போட்டு, அதன் வழியாகவே திரும்பி வந்தது. ஆங்கிலத்தில் அதுவும் போர்ட் ஃபார்வர்டிங்தான். எஸ்எஸ்ஹெச்சில் எல் (நம் கணினியில் தொடங்கி மறுமுனைக்கு), ஆர் (மறுமுனையில் தொடங்கி நம் கணினிக்கு) என்று இரண்டு திசைக்கும் இருக்கிறது. எல் திசையில் எங்கே ‘உள்’?

———

வணக்கம்.

உள்துறையில் நான் தோற்றேன். சிரித்து முடிக்கவே நேரமானது. துறை என்ற சொல்லைப் பெட்டியின் பெயரிலிருந்து எடுத்துவிட்டு எண்ணை மட்டும் வைத்தால்? வெளியெண் 8022, உள்ளெண் 22. பெட்டி சின்னது, சொல்லும் சின்னதாக இருக்கட்டும். நடுவில் ‘உள்முகவரி’.

அடுக்குப் பெயர்ப்பு நன்று. எடுத்துக்கொள்கிறேன். அந்த வீட்டில் ஐபிவி6 (மிக அதிக முகவரிகள் கொண்ட புதிய முறை) வந்தால் பெயர்ப்பே தேவைப்படாது, ஒவ்வொரு கருவிக்கும் சொந்த முகவரி. அங்கே உள்ளனுப்பும் இல்லை, தீயரணில் அந்த முகவரிக்கும் எண்ணுக்கும் திறந்துவிட வேண்டியதுதான். அதைப் போய் உள்ளனுப்பு என்று சொல்லாமல் ‘திறப்பு’ என்றே சொல்வோம்.

எஸ்எஸ்ஹெச் பற்றி: ஆர் திசையில் வந்தவர் கடைசியில் உங்கள் கணினிக்கு உள்ளேதான் வருகிறார், ஆனால் எல் திசைக்கு என் சொல் பொருந்தாது, ஒப்புக்கொள்கிறேன். இரண்டையுமே சுரங்கவழி என்று தனியாக வைத்துவிடலாம் என்று தோன்றுகிறது. திசைவியில் அங்கே நாம் எந்த விதியும் போடுவதில்லை. திறந்திருக்கிற ஒரு இணைப்புக்குள் இன்னொன்றை நுழைக்கிறோம். இரண்டு வேலைக்கு ஆங்கிலத்தில் ஒரே பெயர் அமைந்துவிட்டது என்பதற்காக நாமும் அதைச் சுமக்க வேண்டியதில்லை.

ஒரு சொல் பாக்கி. வீட்டுக்குள்ளிருந்தே வெளி முகவரியை அழைத்தால், சில திசைவிகள் அதைப் புரிந்துகொண்டு போன வேகத்தில் உள்ளேயே திருப்பிவிடும், சில செய்யாது. ஆங்கிலத்தில் ஹேர்பின் என்கிறார்கள். இதற்கு நாம் தேடவே வேண்டாம், மலைப்பாதைப் பலகையில் எழுதியே வைத்திருக்கிறார்கள்: கொண்டை ஊசி வளைவு. ‘என் திசைவிக்குக் கொண்டை ஊசி தெரியாது’ என்று நேற்றே ஒருவரிடம் சொல்லிப் பார்த்தேன். ஒரு நொடி விழித்துவிட்டு, புரிந்தது என்றார்.