பழைய வெர்னா டீசலை விட்டுப் புது வெர்னாவுக்குப் போகலாமா? சிட்டி, விர்டஸ் வைத்திருப்பவர்களும் சொல்லுங்கள்

முத்துச்சலாபம், கீழக்கரை:

எல்லாருக்கும் ஸலாம், வணக்கம்.

எங்கள் வீட்டில் 2018 மாடல் ஹூண்டாய் வெர்னா 1.6 டீசல் ஓடுகிறது. வாப்பா ஆசைப்பட்டு எடுத்த வண்டி. இன்ஜினைப் பற்றி ஒரு குறையும் சொல்ல மாட்டேன். பிரச்சினை பின் சீட்டில்தான். மகள் வளர்ந்துவிட்டாள். வாப்பா, உம்மா, நடுவில் அவள் என்று மூன்று பேர் பின்னால் உட்கார்ந்தால், கண் ஆஸ்பத்திரிக்கு மதுரை போய்ச் சேர்வதற்குள் வாப்பாவுக்கு முட்டி இறுகிவிடுகிறது. பரமக்குடியில் ஒருமுறை, மானாமதுரைப் பக்கம் ஒருமுறை நிறுத்தி இறக்கி நடக்க வைத்துத்தான் கூட்டிப் போகிறேன்.

இன்னொன்று, மச்சான் துபாயிலிருந்து வரும்போது திருச்சி ஏர்போர்ட்டுக்கு நான்தான் போக வேண்டும். அவர் இரண்டு பெரிய பெட்டி, ஒரு அட்டைப் பெட்டி இல்லாமல் வந்ததே இல்லை. 480 லிட்டர் டிக்கியில் எப்படியோ திணித்து வருகிறேன்.

எஸ்யூவி எடு என்று எல்லாரும் சொல்கிறார்கள். வாப்பாவுக்கு செடான்தான் வேண்டும், எனக்கும் ஓட்டுவதற்கு அதுதான் பிடிக்கும். புது வெர்னாவின் அளவுகளைப் பார்த்தேன். நீளம் 4440 மி.மீ.யிலிருந்து 4535 ஆகியிருக்கிறது, அகலம் 1729-லிருந்து 1765. எங்கள் தெருவில் இப்போதே எதிரே ஒரு ஆட்டோ வந்தால் யாராவது ஒருவர் பின்னால் எடுக்க வேண்டியிருக்கிறது. இந்த 36 மி.மீ. தினமும் தொந்தரவு தருமா? புதுசில் டீசலும் கிடையாது என்கிறார்கள். உண்மையிலேயே பழசை விட நல்ல வண்டிதானா, இல்லை வெளித்தோற்றம்தான் மாறியிருக்கிறதா? ஹோண்டா சிட்டியையோ ஃபோக்ஸ்வேகன் விர்டஸையோ ஏன் எடுக்க வேண்டும், ஏன் வேண்டாம் என்று, வைத்து ஓட்டுகிறவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.


தங்கச்சிமடம் பதியன்:

பாய், நானும் உங்களை மாதிரி 1.6 டீசல் வைத்திருந்தவன். இப்போது 2023 மார்ச்சில் வந்த புது வெர்னாவில் டர்போ இல்லாத சாதா 1.5 பெட்ரோல், மேனுவல் கியர் ஓட்டுகிறேன். எனக்கு மல்லிகைப் பதியன் தொழில். பாதி நாள் வண்டியில்தான் கழிகிறது. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

நீங்கள் கேட்ட பின் சீட்டைத்தான் முதலில் சொல்ல வேண்டும். இந்த வண்டியில் அவர்கள் உண்மையாக உழைத்த இடம் அதுதான். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் உள்ள தூரம் 2600-லிருந்து 2670 மி.மீ. ஆகியிருக்கிறது. அந்த 70 மி.மீ.யில் பெரும்பகுதி பின்னால் உட்காருகிறவரின் முட்டிக்குத்தான் போயிருக்கிறது. பழசில் நான் ஓட்டும் அளவுக்கு முன் சீட்டைத் தள்ளினால், எனக்குப் பின்னால் உட்காரும் அம்மாவின் முட்டி சீட்டில் இடிக்கும். இதில் அம்மா காலை முன் சீட்டுக்கு அடியில் விட்டு நீட்டிக்கொள்கிறார். அகலம் கூடியதால் மூன்று பேருக்குத் தோளும் முட்டுவதில்லை. உங்கள் தெருவில் இந்த 36 மி.மீ.யைப் பற்றிக் கவலைப்படாதீர்கள், கண்ணாடியை மடக்கினால் போதும். நீளம் கூடியதுதான் திருப்பும்போது தெரியும்.

ஆனால் ஒன்று. வெளியே நீளமும் அகலமும் கூடியதே தவிர உயரம் அதே 1475 மி.மீ.தான். கூரை பின்னால் சரிந்து இறங்குகிறது, அழகுக்காகச் செய்தது. உயரமான ஆள் பின்னால் உட்கார்ந்தால் தலை தட்டும். சீட்டும் தாழ்வு. உள்ளே போன பிறகு சௌகரியம், போவதும் வருவதும்தான் வயசானவர்களுக்குச் சிரமம். அம்மாவுக்கு நான் பழக்கியது இப்படி: முதலில் சீட்டில் பக்கவாட்டில் உட்கார வேண்டும், தலையைக் குனிந்து உள்ளே கொண்டு வந்த பிறகு கால்கள் இரண்டையும் ஒன்றாக எடுத்து வைக்க வேண்டும். இறங்கும்போது அதையே மாற்றிச் செய்ய வேண்டும். வாப்பாவை ஷோரூமுக்குக் கூட்டிப் போய் இதைச் செய்து பாருங்கள். நீங்கள் ஓட்டிப் பார்ப்பதை விட அவர் ஏறி இறங்கிப் பார்ப்பதுதான் முக்கியம். உப்பூர், தேவிபட்டினம் என்று ஒரு சுற்று போய்விட்டு வந்து, அதன்பிறகு இறங்கச் சொல்லிப் பாருங்கள். ஷோரூம் வாசலில் இரண்டு நிமிஷம் உட்கார்ந்து எழுந்தால் எந்த வண்டியும் சுகமாகத்தான் தெரியும்.

அடுத்தது டீசல். இங்கேதான் உங்களுக்கு மனசு கேட்காது. உங்கள் 1.6 டீசல் 260 நியூட்டன் மீட்டர் இழுவையை இன்ஜின் நிமிஷத்துக்கு 1500 சுற்று சுற்றும்போதே கொடுத்துவிடும். என்னுடைய சாதா பெட்ரோல் 144-க்குக் கொஞ்சம் குறைவு, அதுவும் 4500 சுற்றில். பேப்பரில் 115 குதிரைத்திறன் என்று போட்டிருப்பதை வைத்து ஏமாந்துவிடக் கூடாது. உச்சிப்புளியிலிருந்து ராம்நாடு வரும்போது முன்னால் மீன் லாரி போகிறது, எதிரே ஒரு சின்ன இடைவெளி கிடைக்கிறது. டீசலில் நான்காவது கியரிலேயே மிதித்துத் தாண்டிவிடுவீர்கள். இதில் மூன்றாவதுக்கு இறக்கி, இன்ஜினைக் கத்தவிட்டுத்தான் தாண்ட வேண்டும். குடும்பம் முழுவதும் ஏறி ஏசியும் ஓடினால், அந்த இடைவெளியை விட்டுவிட்டு அடுத்ததற்குக் காத்திருப்பதுதான் நல்லது. நான் தனியாகவே அதிகம் போகிறவன், பதியன் கட்டும் கனம் கிடையாது. எனக்கு இது போதும்.

உங்களுக்குப் போதாது. அஞ்சு பேர், பெட்டிகள், திருச்சி வரை ஓட்டம். டீசலை ஓட்டிப் பழகிய காலுக்கு டர்போ பெட்ரோல்தான் சரி. 160 குதிரைத்திறன், 253 நியூட்டன் மீட்டர், அதுவும் 1500 சுற்றிலிருந்தே. உங்கள் டீசலுக்கு வாரிசு என்று நான் அதைத்தான் சொல்வேன், சாதா பெட்ரோலை அல்ல. பின் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக்கும் டர்போவில்தான் வருகிறது. விலை கூடுதல், மறுக்கவில்லை. பெட்ரோல் செலவும் டீசலை விடக் கூடத்தான். கம்பெனிக் கணக்கிலேயே உங்கள் டீசல் மேனுவலுக்கு லிட்டருக்கு 24.75 கிலோமீட்டர், என் பெட்ரோல் மேனுவலுக்கு 18.6. ரோட்டில் இரண்டுமே அதற்குக் கீழேதான் வரும், ஆனால் வித்தியாசம் வித்தியாசம்தான்.

டிக்கி 528 லிட்டர். மச்சானின் பெட்டிகள் போகும். ஆனால் திறக்கும் வாய் டிக்கியின் அளவுக்குப் பெரிதில்லை. அட்டைப் பெட்டி டிவி சைஸில் இருந்தால் அளந்துகொள்ளுங்கள்.

எனக்குப் பிடிக்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஏசிக்கும் பாட்டுக்கும் ஒரே பட்டன் பலகைதான், ஒன்றை மாற்றித்தான் இன்னொன்றுக்குப் போக வேண்டும். பழசில் கை தானாகப் போய் ஏசியைக் குறைக்கும். இதில் கண்ணும் கூடவே போக வேண்டியிருக்கிறது. ஆடி மாதம் கச்சான் காற்று அடிக்கும்போது பாம்பன் ரோடு பாலத்தில் ஸ்டியரிங்கை விட்டுக் கண்ணை எடுக்க எனக்கு மனசு வராது. அந்தக் காற்றில் இந்த வண்டி நிற்கும் நிலையைப் பாராட்டித்தான் ஆக வேண்டும். பழசு வேகத்தில் பின்பக்கம் லேசாகத் துள்ளும், இதில் அது இல்லை. உயரமான வண்டிகள் பாலத்தின் மேல் ஆடுவதைப் பக்கத்தில் பார்க்கிறபோது, வாப்பா செடான்தான் என்று சொன்னதில் அர்த்தம் இருக்கிறது.


தொண்டிக்காரன்:

சிட்டி பற்றி நான் சொல்கிறேன். 2020-ல் வந்த ஐந்தாம் தலைமுறை, பெட்ரோல் சிவிடி, அதாவது ஒரு வகை ஆட்டோமேட்டிக் கியர். வீட்டில் எடுத்து நாளாகிறது.

பின் சீட்டில் சிட்டியை வெல்ல இந்த வரிசையில் வண்டி இல்லை என்பது என் கருத்து. சக்கர இடைவெளி 2600 மி.மீ.தான், வெர்னாவை விடக் குறைவு. ஆனால் உள்ளே இடத்தை வெட்டி எடுத்திருக்கும் விதம் வேறு. தொடைக்குத் தாங்கல் நன்றாக இருக்கும், தலைக்கு மேலும் இடம் உண்டு. உயரம் 1489. வெர்னாவை விட 14 மி.மீ. கூடுதல் என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், தலை குனிகிற வயசானவருக்கு அது தெரியும். கதவும் அகலமாகத் திறக்கும். என் அப்பாவுக்கு இடுப்பு வலி. பட்டுக்கோட்டை வரை நிறுத்தாமல் போவார்.

இன்ஜின் 121 குதிரைத்திறன், 145 நியூட்டன் மீட்டர். மெதுவாகப் போனால் சத்தமே கேட்காது. அவசரமாக மிதித்தால் சிவிடி இன்ஜினை உறும வைத்துவிட்டு வேகத்தைப் பிறகுதான் தரும். டர்போ சிட்டியில் இல்லை. சிட்டி டீசலும் 2023-ல் போய்விட்டது. பெட்ரோலோடு மின் மோட்டாரும் சேர்ந்த ஹைப்ரிட் இருக்கிறது, கம்பெனிக் கணக்கில் 27 கிலோமீட்டர் தாண்டும். ஆனால் பேட்டரி பின்னால் உட்கார்ந்திருப்பதால் டிக்கி 306 லிட்டர்தான். உங்கள் மச்சான் ஒரு பெட்டியோடு வந்தால் சரி. சாதா சிட்டியில் 506 லிட்டர்.

வாப்பாவின் முட்டி ஒன்றுதான் கணக்கு என்றால் சிட்டி. அவசரமாகத் தாண்டுகிற பழக்கம் உள்ளவர் என்றால் பதியன் அண்ணன் சொன்ன டர்போ.


ராம்நாடு பட்டறை:

விர்டஸ் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் நான். நான் எல்லா வண்டிக்கும் அடியில் படுத்துப் பார்க்கிறவன்.

விர்டஸும் ஸ்கோடா ஸ்லாவியாவும் அடியில் ஒரே வண்டி. தரையிலிருந்து உயரம் 179 மி.மீ. வெர்னாவும் சிட்டியும் 165. கீழக்கரையிலிருந்து ஏர்வாடி, சாயல்குடி பக்கம் ஊருக்கு ஊர் வேகத்தடை உண்டு, பாதிக்கு வெள்ளைக் கோடு கிடையாது. அஞ்சு பேரோடு ஏறும்போது அந்த 14 மி.மீ. பெரிய விஷயம். வெர்னா எடுத்தால் கோணலாக ஏற்றிப் பழகிக்கொள்ளுங்கள். குளோபல் என்கேப் மோதல் சோதனையில் விர்டஸ், வெர்னா இரண்டுமே 2023-ல் 5 நட்சத்திரம் வாங்கின. ஆனால் அந்தச் சோதனை அறிக்கைகளில் விர்டஸின் உடற்கூடு நிலையானது என்றும் வெர்னாவின் கூடு நிலையற்றது என்றும் போட்டிருக்கிறது. நட்சத்திரத்தை மட்டும் பார்க்கிறவர்கள் அந்த வரியையும் படிக்க வேண்டும். விர்டஸில் குறை, பின் சீட்டின் நடுவில் தரை மேடாக இருக்கும். உங்கள் மகள் அதன் இரண்டு பக்கமும் கால் போட்டுத்தான் உட்கார வேண்டும். இரண்டு பேருக்கு அருமையான சீட்டு, மூன்று பேருக்கு இல்லை.

இனி முக்கியமானது. எந்த வண்டி எடுத்தாலும் நம் கடற்கரையில் அதைத் தின்பது உப்பு. பெரும்பாலான வீட்டில் போர் தண்ணீரில் கழுவுகிறார்கள். அது உவர். மேலே வெள்ளைத் திட்டு விழுவது கண்ணுக்குத் தெரிகிறது, அடியில் மடிப்புகளுக்குள் தங்குவது தெரிவதில்லை. அரிச்சல்முனை போய்விட்டு வந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பாகத்தையும் சக்கர வளைவையும் அடித்துக் கழுவ வேண்டும். மேல் பளபளப்பை அப்புறம் பார்க்கலாம். கதவுக்குக் கீழே தண்ணீர் வடிகிற சின்ன ஓட்டைகள் இருக்கும், மணல் அடைத்தால் உள்ளேயிருந்து துரு ஏறும். ஒரு குச்சியால் குத்தி விடுங்கள். ஈரத்தோடு கவர் போட்டு மூடாதீர்கள், அது உப்பையும் ஈரத்தையும் சேர்த்துப் பொத்தி வைப்பது. ஏசி கண்டென்சர் முன்னால் காற்று வாங்குகிற இடத்தில் இருக்கிறது, அதன் அலுமினியத் தகடுகள்தான் இந்தப் பக்கம் முதலில் பொடியும். மெதுவான தண்ணீரால் அலசுங்கள், பிரஷர் வைத்து அடித்தால் தகடு மடங்கிவிடும்.

விற்பதற்கு முன் உங்கள் டீசலை ஒருமுறை தூக்கிப் பாருங்கள். அடி சுத்தமாக இருந்தால் நல்ல விலை கேட்கலாம், இந்த வரிசையில் டீசல் செடான் இப்போது புதிதாகக் கிடைக்காததால் தேடுகிறவர்கள் உண்டு.


முத்துச்சலாபம், கீழக்கரை:

எல்லாருக்கும் நன்றி. பதியன் அண்ணன் சொன்னபடியே வாப்பாவையும் உம்மாவையும் கூட்டிக்கொண்டு போனேன். மூன்று வண்டியிலும் நன்றாக ஓடவிட்ட பிறகே இறங்கச் சொன்னேன். சிட்டியில் வாப்பா கைத்தாங்கல் இல்லாமல் இறங்கினார். வெர்னாவில் என் கையைப் பிடித்தார், ஆனால் உள்ளே இருந்தவரை கால் நீட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார். விர்டஸ் எனக்கு ரொம்பப் பிடித்தது, மகள் நடுவில் உட்கார்ந்து ஐந்தாவது நிமிஷமே வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

2025 செப்டம்பர் 22-லிருந்து வரி 45 சதவீதத்திலிருந்து 40 ஆனதில் டர்போ நாங்கள் நினைத்த தொகைக்குக் கிட்டத்தில் வருகிறது. வெர்னா டர்போ பக்கம்தான் மனசு சாய்கிறது. மேனுவலா, டிசிடி என்கிற ஆட்டோமேட்டிக் கியரா?


தங்கச்சிமடம் பதியன்:

மேனுவல், பாய். நம் ஓட்டம் பெரும்பாலும் நெடுஞ்சாலை. மதுரைக்குள் நுழைந்த பிறகுதான் நின்று நின்று போக வேண்டும், அதற்காக அவ்வளவு கூடுதல் பணம் தேவையில்லை. உங்கள் இடது முட்டியும் வாப்பாவுடையதைப் போல வலிக்கத் தொடங்கியிருந்தால் மட்டும் டிசிடி.

வாப்பா பிடித்துக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. பின் கதவுக்கு மேலே கூரையில் கைப்பிடி உண்டு, அதைப் பிடித்து எழச் சொல்லுங்கள். உங்கள் கையை விட அது உறுதியாக நிற்கும். வண்டி கொடுக்கிற அன்று தயாரான மாதத்தைக் கேட்டு வாங்குங்கள். யார்டில் நாள்பட்டு நின்ற வண்டி என்றால் வேறு கேளுங்கள். பதிவெண் வந்ததும் ராம்நாடு பட்டறைக்கு ஒருமுறை போய் அடிக்குத் துரு தடுப்புப் பூச்சு பற்றிப் பேசிவிட்டு வாருங்கள். கம்பெனி வாரண்டியோடு ஒத்துப் போகிற பூச்சா என்று எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு அடியுங்கள்.