சட்டையில் ஒட்டிய நரிவால் புல்: நீங்கள் எங்கே பார்த்தீர்கள்?

தண்டையார்பேட்டையிலிருந்து:

போன மாதம் கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் மூடியிருந்தபோது நடந்தது. பையனுடைய பந்து சுவரோரப் புதருக்குள் உருண்டுவிட்டது. எடுத்து வந்தவன் கால்சட்டை முழுக்கப் பச்சைக் கம்பளிப்புழு மாதிரிக் கதிர்கள். உதறிப் பார்த்தோம், அசையவில்லை. ஒவ்வொன்றாகப் பிய்த்துத்தான் எடுக்க வேண்டியிருந்தது.

ஒரு கதிரை வீட்டுக்குக் கொண்டுவந்து விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். அடியிலிருந்து நுனிக்கு விரலை ஓட்டினால் சுரசுரவென்று பிடிக்கிறது. நுனியிலிருந்து அடிக்கு வந்தால் வழுக்குகிறது. ஒவ்வொரு மயிரிலும் கண்ணுக்குத் தெரியாத முள் கீழ்நோக்கித் திரும்பியிருப்பதுதான் காரணம். அப்புறம் மூலக்கொத்தளம் பக்கம் பொன்னிற மயிரோடு இன்னொரு வகை கிடைத்தது. அதில் எல்லாம் தலைகீழ்: மேலே போனால் வழுக்கல், கீழே வந்தால் பிடிப்பு. அதனால் அது துணியில் ஒட்டுவதில்லை.

இரண்டும் செட்டேரியா என்ற ஒரே பேரினம். லத்தீனில் சேட்டா என்றால் முரட்டு மயிர். அந்த மயிர்கள் விதையைச் சேர்ந்தவையே அல்ல. பூ வைக்காமல் நின்றுபோன குட்டிக் கிளைகள் அவை. நாம் சாப்பிடும் தினையும் இதே செட்டேரியாதான்! இத்தனை நாள் மிதித்துக்கொண்டு போனது தினையின் சொந்தக்காரப் புல் என்று தெரிந்ததும் எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. உங்களுக்கும் இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

வியாசர்பாடியிலிருந்து:

என் பாட்டி ஜவ்வாது மலைக்காரர். தினைக் கதிரை வெயிலில் காயவைத்துக் கழியால் அடிப்பார், அப்போதுதான் மணி பிரியும். காட்டுப் புல் அப்படியில்லை, விதை பழுத்த உடனே தானாக உதிர்த்துவிடும். உதிராமல் நின்ற கதிர்களையே மக்கள் திரும்பத் திரும்ப அறுத்து விதைத்ததில் வந்ததுதான் தினை. வட சீனத்தில் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன்பே அது நடந்திருக்கிறது. உதிராமல் நின்றால் கிளிக்குக் கொண்டாட்டம், அதனால் காவல் வேண்டும். குறிஞ்சிப் பாட்டில் தலைவி தட்டை, குளிர் என்ற கருவிகளைத் தட்டிக் கிளி ஓட்டுகிறாள். என் பாட்டிக்குப் பழைய தகர டப்பா.

திருவொற்றியூரிலிருந்து:

மகள் கலிபோர்னியாவில் இருக்கிறாள். கோடையில் போயிருந்தபோது அவள் நாய் விடாமல் தும்மிக்கொண்டே இருந்தது. மருத்துவர் மூக்கிலிருந்து ஒரு புல் முனையை எடுத்துக் காட்டினார். அங்கேயும் அதை நரிவால் என்றுதான் சொல்கிறார்கள், ஆனால் அது காட்டு பார்லி, செட்டேரியா இல்லை. உள்ளே நுழைந்தால் முன்னே மட்டும்தான் போகும், பின்னே வராது. நாய் வளர்ப்பவர்கள் தயவுசெய்து நடை முடிந்ததும் காது, மூக்கு, விரலிடுக்கு மூன்றையும் பாருங்கள்.

எண்ணூரிலிருந்து:

கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஒட்டும் வகை அடர்ந்து கிடக்கிறது. அதில் வெண்தொண்டைச் சில்லை என்ற சின்னக் குருவி ஒன்று இறக்கை சிக்கித் தொங்கிக்கொண்டிருந்தது. இழுத்திருந்தால் இறகு பிய்ந்திருக்கும். கத்தரிக்கோலால் தண்டுகளை வெட்டி, கதிர்களை அவற்றின் நுனிப் பக்கமாக மெல்ல உருவிவிட்டேன். கையில் இருந்தவரை அதன் நெஞ்சு அடித்துக்கொண்ட வேகம் இன்னும் மறக்கவில்லை. பறந்து போனது.

தண்டையார்பேட்டையிலிருந்து மறுபடியும்:

சில்லையை எங்கள் பக்கம் தினைக்குருவி என்றே சிலர் சொல்வார்கள். பாவம், தினையின் உறவிடமே மாட்டிக்கொண்டது. நல்ல வேளை நீங்கள் பார்த்தீர்கள்.

சீனாவில் இந்தக் குடும்பத்துப் பச்சைப் புல் வகை ஒன்றுக்கு நாய்வால் என்று பெயராம். தினைக்கு மூதாதை அந்தப் பச்சைப் புல்தான். ஜப்பானில் அதைப் பூனைக்கு ஆட்டி விளையாட்டுக் காட்டுவார்கள். நியூ கினியில் பனையோலை போல மடிப்பு மடிப்பாக இலை விடும் ஒரு செட்டேரியாவின் குருத்தைச் சமைத்தே சாப்பிடுகிறார்கள்.

நானும் மாடித் தொட்டியில் தினை போட்டிருக்கிறேன். மளிகைக்கடைத் தினை உமி நீக்கியது, முளைக்காது. பறவைத் தீனி விற்கும் கடையில் உமியோடு கிடைக்கும், அதை வாங்குங்கள். நான்காம் நாள் முளை விட்டது. இப்போது முழங்கால் உயரம். கதிர் வந்ததும் விரலை ஓட்டிப் பார்த்து, எந்தப் பக்கம் வழுக்குகிறது என்று எழுதுகிறேன்.