அர்ச்சுனன் மரம் ஏறினார், போனில் கால் மட்டும் தெரிந்தது

குப்பம் பக்கத்துக்காரன்:

எங்கள் ஊர் ஆந்திராவின் மூலை. ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, இன்னொரு பக்கம் கோலார். திரௌபதி அம்மன் கோயிலில் பாரதத் திருவிழா வைத்தால் பகலில் மகாபாரதப் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து. ஊர்ப் பையன்களில் பாதிப் பேர் பெங்களூரில் இருக்கிறார்கள். "லீவு கிடைக்கலை, லைவ் போடுடா" என்று நச்சரித்து இந்த வேலையை என் தலையில் கட்டினார்கள்.

முதல் இரவு வில் வளைப்பு, அதாவது துரோபதை கல்யாணக் கதை. பத்து மணிக்கு ஆரம்பித்தோம். என் போனில் ஒரு நாளைக்கு 2 ஜிபி. நொடிக்கு 2.5 மெகாபிட் போனால் அது ஒன்றே முக்கால் மணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போட எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் திரை பிடித்து நிற்கிறார்கள், உள்ளே சலங்கை குலுங்குகிறது, துரோபதை வெளியே வரவேண்டிய நேரம், லைவ் நின்றுபோனது. பன்னிரண்டு அடித்து அடுத்த நாள் கணக்கு வந்த பிறகுதான் மறுபடி உயிர் வந்தது. எட்டு மணி நேரம் ஓட்ட 9 ஜிபி வேண்டும். மறுநாளே டீக்கடைக்காரர் வீட்டு பைபர் இணைப்பிலிருந்து வயர் இழுத்துவிட்டோம்.

அப்புறம் சத்தம். கூத்தில் ஊதுகிற சின்னக் குழலான முகவீணை, போன் மைக்கில் கொசு பாடுகிற மாதிரி வந்தது. மைக்செட்காரரிடம் கெஞ்சி அவர் மிக்சரிலிருந்து ஒரு வயர் வாங்கினோம். பாட்டு கண்ணாடி மாதிரி கேட்டது. ஆனால் கூத்தில் கோமாளியாக வரும் கட்டியக்காரன் நக்கலடித்தால் பதிலுக்கு ஒரு சிரிப்பு இல்லை, ஆளில்லாத ஊரில் தனியாகப் பேசுகிறவன் மாதிரி இருந்தான். ஜனங்களின் சத்தம் அந்த வயரில் வராதே! பந்தல் நடுவில் இன்னொரு மைக்கைத் தொங்கவிட்டுக் கலந்த பிறகுதான் அது கூத்து மாதிரி ஆனது.

அர்ச்சுனன் தவம் செய்யப் போகிற தபசு அன்று போனைப் படுக்கையாக வைத்திருந்தேன். அர்ச்சுனன் பாடிக்கொண்டே தபசு மரம் என்று நட்டிருக்கிற உயரமான கம்பத்தில் ஏறுகிறார், படத்தில் தெரிவது இரண்டு பாதம். "அண்ணா, போனை நிமிர்த்துங்க" என்று கமெண்ட் வந்து குவிகிறது. நேரலை நடுவில் நிமிர்த்தினால் படம் சாய்ந்துதான் போகும். கடைசியில் ஸ்டாண்டைப் பின்னால் நகர்த்தி எப்படியோ மரத்தை அடக்கினேன். உச்சியிலிருந்து அவர் விபூதியும் எலுமிச்சம்பழமும் வீசும்போது மஸ்கட்டில் இருக்கிற எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி எழுதினாள்: "எனக்கும் ஒரு பழம் பிடிச்சு வையுங்கண்ணா." அங்கே அப்போது மணி இரவு இரண்டரை. ஒற்றைக் கையால் பிடித்தேன்.

ஒரு தப்பையும் சொல்லிவிடுகிறேன். துகிலுரிதல் அன்று கேமராவை ஜனங்கள் பக்கம் திருப்பினேன். முன்வரிசையில் ஒரு அக்காவுக்கு அருள் வந்தது. மறுநாள் எவனோ அந்த இருபது நொடியை மட்டும் வெட்டி, சினிமாப் பாட்டு சேர்த்துச் சுற்ற விட்டிருந்தான். நான் என் பதிவை அழித்தேன், அவன் வெட்டியது அழியவில்லை. அந்த அக்கா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. எதிரே பார்த்தால் முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு போகிறார். இப்போதெல்லாம் ஸ்டாண்டைக் கயிறு போட்டுக் கட்டிவிடுகிறேன், திரும்பாதபடி.

கொழிஞ்சாம்பாறைக்காரன்:

அண்ணா, திருப்பின கதை என்னிடமும் ஒன்று இருக்கிறது. பாரதப்புழைக் கரையில் ஒரு பகவதி கோயில், தோல்பாவைக்கூத்து. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: கூத்துமாடம் என்று கோயிலுக்கு எதிரே தனிக் கட்டடமே இருக்கும். நீளமான திரை, பின்னால் வரிசையாகத் தேங்காய் மூடியில் 21 விளக்கு, தோலில் வெட்டிய பாவைகள். பாடுவது கம்பன் பாட்டு. தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்ததால் பத்ரகாளி ராம ராவண யுத்தத்தைப் பார்க்கவில்லையாம், அவளுக்காக நடத்துவது. அதனால் எதிரே ஆள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் நடக்கும்.

நாங்கள் லைவ் போட்ட இரவில் எதிரே நாலு பேர், அதில் ஒருவர் தூக்கம். போனில் பதினொரு பேர். பாவைக்கூத்தை நடத்துகிற புலவர் எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று கேட்டபோது சங்கடப்பட்டுக்கொண்டே சொன்னேன். "அத்தனை பேரா!" என்றவர், உள்ளே திரும்பி, "உரக்கப் பாடுங்கடா" என்று குரல் கொடுத்தார்.

நிழலைப் படம் பிடிப்பது பெரிய பாடு. போன் சுற்றிலும் இருட்டைப் பார்த்துவிட்டுத் தானாகவே வெளிச்சத்தைக் கூட்டிக்கொள்ளும், திரை வெளுத்து, பாவையில் குத்தியிருக்கிற பூவேலை எல்லாம் மறைந்துபோகும். யுத்தத்தில் விளக்கு மேல் தெள்ளிப்பொடி என்ற பிசின் தூளை எறிந்து தீ கிளம்பும்போது எதிர்மாறாக எல்லாம் இருண்டுவிடும். ஆரம்பிப்பதற்கு முன்னால் திரையில் விரலை அழுத்திப் பிடித்து வெளிச்சத்தைப் பூட்டிவிடுங்கள், பாதித் தொல்லை தீரும்.

இனி அந்தக் கதை. இரண்டாம் இரவு இன்னொரு போனை மாடத்துக்குள் கொண்டுபோனேன். பார்ப்பவர்கள் ஒரேயடியாக நாற்பதைத் தாண்டினார்கள். எல்லோருக்கும் பின்பக்கம்தான் வேண்டியிருக்கிறது! விளக்குச் சூட்டில் வெற்று மார்போடு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, நடுவே கட்டன் சாயா குடிக்கிற மனிதர்கள். புலவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் மகன் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டான், அந்தச் சூட்டில். மூன்றாம் இரவு நான் உள்ளே போகவில்லை. ஒன்பது பேர் பார்த்தார்கள்.

நகரிக்காரன்:

பணத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே. வேஷக்காரர் மார்பில் நோட்டுக் குத்துவதற்குப் பதிலாக நாங்கள் லைவ் ஓரத்தில் ஜிபே க்யூஆர் வைத்தோம். துபாயிலிருந்து ஒருவர் 500 அனுப்பி, துரியோதனன் பாடிய விருத்தத்தை இன்னொரு தரம் கேட்டார். செய்தி கட்டியக்காரன் கைக்கு வந்தபோது துரியோதனன் விழுந்து அரை மணி ஆகியிருந்தது. "ஐயா, ஆள் செத்துட்டாரு. ஐநூறுக்கு எழுப்ப முடியாது, ஆயிரம் அனுப்பிப் பாருங்க" என்றான் மைக்கில். அனுப்பிவிட்டார்!

ஆனால் க்யூஆர் யார் பெயரில் என்பதில் சண்டை வந்தது. போன் வைத்திருந்த பையன் கணக்கில் பணம் போனது, கூத்துக் குழுவை நடத்துகிற வாத்தியாருக்கு மூன்று நாள் கழித்துத்தான் கிடைத்தது. இப்போது ஜமா வாத்தியார் பெயரிலேயே க்யூஆர். விடிந்ததும் மைக்கில் ஒவ்வொரு பெயராகப் படித்துவிடுகிறோம்.

மூணாறு எஸ்டேட்:

எங்கள் லயத்துப் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) பிள்ளைகள் நாடகத்துக்கு இரண்டு முறை முயன்றேன். மூடுபனி, மழை, கரண்ட் போனால் டவரும் போய்விடும். லைவ் ஆசையை விட்டுவிட்டுப் பதிவு செய்து மறுநாள் அனுப்புகிறேன், வேறு வழியில்லை. குப்பத்து அண்ணா, அந்த எலுமிச்சம்பழம் என்ன ஆச்சு?

குப்பம் பக்கத்துக்காரன்:

எங்கள் சாமி ரூமில் இருக்கிறது தங்கச்சி. காய்ந்து கருத்து, கோலிக்குண்டு மாதிரி ஆகிவிட்டது. ஆடியில் ஊருக்கு வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று அந்த மஸ்கட் பெண் சொல்லியிருக்கிறாள். போன ஆடியிலும் அப்படித்தான் சொன்னாள்.